சுண்டெலி படுத்துக் கிடந்தால் அது வல்லாரையின் வேலையா?

வருஷா வருஷம் பி.ஃபார்ம் பிள்ளைகள் யாராவது ஒரு கட்டு வல்லாரையோடு வந்து நிற்பார்கள். "மேடம், இது நரம்பைச் சாந்தப்படுத்துதான்னு பார்க்கணும்." குமாரபாளையத்தில் மருந்தியல் லேபில் இருக்கும் நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்.

கீரையைச் சாயத்தண்ணீர் கலக்கும் வாய்க்கால் ஓரம் பறிக்காதே கண்ணு. அப்புறம் எதன் வேலை என்றே தெரியாது. பறித்ததைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் காட்டி அடையாளம் உறுதி செய்துகொள். வடக்கே வல்லாரையையும் பிரம்மி என்பார்கள், நீர்ப்பிரமி என்ற வேறொரு செடியையும் பிரம்மி என்பார்கள்.

நிழலில் காயவைத்து, கொரகொரவென்று பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறிறக்கும் கண்ணாடிக் கருவியில் எத்தனால் என்ற ஆல்கஹாலை ஊற்றி, இறங்குகிற சாறு நிறமற்றுப் போகும் வரை ஓட்டு. ஆல்கஹாலை வற்றவைத்தால் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று மிஞ்சும். எடை குறைவது நிற்கும் வரை உலர்த்து.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வராமல் கூண்டைத் திறக்காதே.

இனி டோஸ். கிலோவுக்கு 200 மி.கி. என்றால் 25 கிராம் சுண்டெலிக்கு 5 மி.கி. அதை 0.25 மி.லி.யில் கொடுக்க வேண்டும், அதாவது மி.லி.க்கு 20 மி.கி. கலவை. 0.5 சதவீத சி.எம்.சி.யில் (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், மருந்து அடியில் தங்காமல் பிடித்துவைக்கும் கூழ்) கலக்கு. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் சி.எம்.சி., இன்னொரு குழுவுக்குச் சாந்தப்படுத்தித் தசையையும் தளர்த்தும் டயசிபாம் மருந்து.

ஆக்டோபோட்டோமீட்டர் என்ற பெட்டிக்குள் சுண்டெலி நடந்து ஒளிக்கற்றையை மறிக்கும்போதெல்லாம் எண் ஏறும். மருந்துக்கு முன் 10 நிமிஷம், வாய்வழி கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து 10 நிமிஷம் எண்ணு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பெட்டியைத் துடை. முந்தினதன் மூத்திர வாசனை அடுத்ததை மிரட்டும்.

ஒரு வருஷம் வல்லாரைக் குழுவின் எண்ணிக்கை அப்படியே சரிந்தது. பையனுக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒப்பீட்டுக் குழுவைச் சனிக்கிழமையும் வல்லாரைக் குழுவை ஞாயிற்றுக்கிழமையும் எண்ணியிருக்கிறான். லேபுக்குப் பின்சுவர் விசைத்தறிக் கூடம்; ஞாயிறு தறி ஓடாது. சத்தமில்லாமல் சுண்டெலி அடங்கியிருந்ததை வல்லாரையின் கணக்கில் எழுதிவிட்டான். எல்லாக் குழுவையும் மாற்றி மாற்றி ஒரே நாளில், ஒரே நேரத்தில் எண்ண வைத்தேன். பாதிச் சரிவு காணாமல் போய்விட்டது.

மீதிப் பாதி எதனால் என்று பார்க்க ரோட்டாராட், அதாவது சுழலும் தண்டு. முந்தின நாளே அந்தத் தண்டில் ஏறி நிற்கப் பழக்கிவிடு. எண்ணிக்கை குறைந்தும் தண்டில் வழக்கம்போல நின்றால், சாந்தம் என்று பென்சிலில் எழுது. சீக்கிரமே விழுந்தால் தசைத் தளர்ச்சியும் கலந்திருக்கலாம். டயசிபாம் குழு எப்படி விழுகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்.