ஒயின் பாரில் நண்பரோடு ஆற அமர ஒரு மதிய உணவு: முதல்முறை போகிறவர்களுக்கு

ஒயின் பாரில் மதிய உணவு கெட்டுப்போவது பெரும்பாலும் தப்பான ஒயினால் அல்ல. வந்து உட்கார்ந்த பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக ஆர்டர் செய்துவிடுவதால்தான். தட்டுகள் ஒன்றாக வந்து மேசையை அடைக்கும், ஒயின் சூடாகும், ஒன்றரை மணி நேரத்தில் பில் வந்துவிடும். இரண்டரை, மூன்று மணி நேரம் நிதானமாக உட்கார வேண்டுமென்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. மேசை பிடிப்பது

முன்பதிவு செய்யும்போதே சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்று கேளுங்கள். பல இடங்களில் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிடுவார்கள். பாட்டில் மட்டும் கிடைக்கும். கடைசி ஆர்டருக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். சமையலறைக் கதவை ஒட்டிய மேசை வேண்டாம். அன்றைக்கு சென்ட்டும் வேண்டாம், ஒயினின் வாசனையை அது மூடிவிடும்.

2. எவ்வளவு குடிப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

750 மில்லி பாட்டிலில் 125 மில்லி கிளாஸ் ஆறு வரும். 12.5 சதவீத ஒயின் என்றால் ஒரு கிளாஸில் சுமார் 12 கிராம் ஆல்கஹால். உடல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். ஆக ஒரு கிளாஸுக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு கிளாஸ். இருவர் சேர்ந்து ஒரு பாட்டிலை முடிப்பது மதியத்துக்கு அதிகம்தான். லேபிளில் 14.5 சதவீதம் என்று இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு 75 மில்லி அளவில் மூன்று வகை தரும் 'ஃப்ளைட்' நல்லது. மொத்தம் 225 மில்லிதான், ஆனால் பேசிக்கொள்ள மூன்று ஒயின் கிடைக்கும். நண்பர் குடிக்காதவர் என்றாலோ, மாத்திரை எடுத்துக்கொள்பவர் என்றாலோ வற்புறுத்தாதீர்கள்.

3. தண்ணீரும் ஏதாவது கொறிக்கவும்

உட்கார்ந்ததும் தண்ணீர், ரொட்டி, ஆலிவ் அல்லது உப்புப் பருப்பு வகை. ஒயின் பட்டியலை அதற்குப் பிறகு திறந்தால் போதும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ரத்தத்தில் ஏறும். வயிற்றில் உணவு இருந்தால் மெதுவாக ஏறும்.

4. ஒயின் கேட்பது

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பரிமாறுபவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: என்ன சாப்பிடப் போகிறீர்கள், இனிப்பு வேண்டுமா வேண்டாமா, எவ்வளவு செலவு செய்ய நினைக்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பட்டியலில் ஒரு விலையை விரலால் காட்டி "இந்த அளவில்" என்றால் புரிந்துகொள்வார்.

கிளாஸ் கணக்கில் வாங்கினால் "பாட்டில் எப்போது திறந்தது?" என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல கடையில் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். திறந்து மூன்று நாளுக்கு மேல் ஆன ஒயின் பெரும்பாலும் காற்றுப்பட்டுச் சோர்ந்திருக்கும்.

பாட்டிலாக வாங்கினால் முதலில் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. சுழற்றி முகர்ந்தாலே போதும். நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை வாடை அடித்தால் கார்க் கெடுத்த ஒயின். காடி நெடி அடித்தாலும் திருப்பிக் கொடுக்கலாம். சுழற்றிய பின் கிளாஸ் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்வார்கள் சிலர். அவை முக்கியமாக ஆல்கஹால் அளவைத்தான் காட்டும்.

5. சூடு, குளிர்ச்சி

நுரைக்கும் ஒயின் 6–8 டிகிரி, லேசான வெள்ளை 7–10, லேசான சிவப்பு 12–14, கனமான சிவப்பு 15–18 டிகிரி செல்சியஸ். சிவப்பு என்றால் அறை வெப்பம் என்று நம்பி 25 டிகிரியில் குடித்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். தயங்காமல் பனிக்கட்டி வாளி கேட்டுப் பாட்டிலைப் பத்து நிமிடம் அதில் வையுங்கள். வாளியில் பனிக்கட்டியோடு தண்ணீரும் பாதி இருக்க வேண்டும். வெறும் கட்டி பாட்டிலை அங்கங்கேதான் தொடும், குளிர நேரமாகும். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள்.

6. சாப்பாட்டோடு சேர்ப்பது

நிறத்தைப் பார்க்காமல் சுவையைப் பாருங்கள்.

புளிப்பான உணவுக்கு அதைவிடப் புளிப்பான ஒயின் வேண்டும், சாவின்யோன் பிளாங் என்ற வெள்ளை ஒயினைப் போல. இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

காபர்னே சாவின்யோன் போன்ற சிவப்பு ஒயின்களில் பால் சேர்க்காத கடுந்தேநீரைப் போல நாக்கை உலர்த்தும் துவர்ப்பு இருக்கும். அந்தத் துவர்ப்பு எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கொழுப்புள்ள இறைச்சியும் முதிர்ந்த பாலாடைக்கட்டியும் உடன் இருந்தால் துவர்ப்பு அடங்கும். எண்ணெய்ப்பசை மிகுந்த மீனோடு இதே ஒயினைக் குடித்தால் வாயில் உலோகச் சுவை நிற்கும். ஒயினிலுள்ள இரும்புச்சத்தின் வேலை அது. மீனுக்குச் சிவப்புதான் வேண்டுமென்றால் துவர்ப்பு குறைந்த பினோ நுவார் அல்லது காமே கேளுங்கள்.

காரமான உணவு என்றால் கவனம். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பு இன்னும் கூட்டும். ஆல்கஹால் குறைந்த, லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் தாங்கும்.

உப்புள்ள, எண்ணெயில் பொரித்த பண்டங்களுக்கு நுரைக்கும் ஒயினைப் போல வேறொன்று இல்லை.

7. தட்டுகளை இடைவெளி விட்டு

முதலில் இரண்டு சிறு தட்டு மட்டும் சொல்லுங்கள், பகிர்ந்து சாப்பிட. அவை பாதியானதும் அடுத்தது. "ஒவ்வொன்றாக அனுப்புங்கள்" என்று சொல்லாவிட்டால் சமையலறை தன் வசதிக்குத்தான் அனுப்பும். லேசான ஒயினிலிருந்து கனமானதற்கும், இனிப்பில்லாததிலிருந்து இனிப்பானதற்கும் போங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் அதே அளவு தண்ணீர். பரிமாறுபவர் கிளாஸை நிரப்பிக்கொண்டே இருந்தால் அளவு தெரியாமல் போகும். "நாங்களே ஊற்றிக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், வாசனைக்கு இடம் வேண்டும்.

8. முடிக்கும்போது

இனிப்பு சாப்பிடுவதானால் அதைவிட இனிப்பான ஒயின், 50–75 மில்லி. இல்லையேல் காபி. ஆனால் காபி போதையைத் தெளிய வைக்காது, தூக்கத்தைத்தான் விரட்டும்.

மீதி ஒயினை எடுத்துச் செல்ல அந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுத்தால் கார்க் போட்டுத் தரச் சொல்லுங்கள். சிவப்போ வெள்ளையோ, குளிர்பெட்டியில் நிறுத்தி வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். திரும்பி வர வாடகைக் காரோ பேருந்தோ என்பதை முன்பதிவு செய்யும் அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.