மேட்டூர் திறப்பதற்குள் ஒரு சிகரம்: டெல்டாக்காரர்களுக்கான மலையேற்றத் திட்டம்

எங்கள் பக்கம் மேடு என்றால் ஆற்றங்கரைதான். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரம்கூட இல்லை. நாகப்பட்டினம் அலையோடு அலையாகக் கிடக்கிறது. மலை என்று பெயர் வைத்திருக்கும் சுவாமிமலையும் கட்டுமலை. தமிழ் ஆண்டுகளின் கணக்குக்கு 60 படி, அவ்வளவுதான். நான் இமயமலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது: "ஏண்டா, அந்த அறுபது படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குதே?"

நியாயமான கேள்வி. ஆனாலும் போய் வந்தேன். நேபாளத்தில் 6,189 மீட்டர் உயரமுள்ள இம்ஜா ட்சே, வெளியுலகம் ஐலண்ட் பீக் என்று அழைக்கும் சிகரம். பனிக்கடலுக்கு நடுவே தீவு போல நிற்பதால் அந்தப் பெயர். நமக்குத் தீவு என்றால் ஸ்ரீரங்கம்; இது வேறு மாதிரித் தீவு.

திரும்பி வந்ததிலிருந்து விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "ஷூ என்ன விலை?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது "கையில எத்தனை நாள் இருக்கு?" என்று. ஷூவை வாடகைக்கு எடுக்கலாம், பணத்தைக் கடன் வாங்கலாம், நாட்களை யாரும் கடன் தரமாட்டார்கள். அதனால் இந்த விளக்கம் முழுக்க நாள் கணக்கைச் சுற்றியே போகும்.

படி 1: எந்த மலை?

மலைகளில் இரண்டு வகை. பாதை போட்டு, குச்சி ஊன்றி நடந்தே போகக்கூடியவை ஒரு வகை, அது டிரெக்கிங். கயிறு, ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரி, ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டையான கிராம்பான் இவை இல்லாமல் மேலே போகவே முடியாதவை இன்னொரு வகை. இவற்றைத்தான் டெக்னிக்கல் சிகரம் என்கிறார்கள். வழிகாட்டி கூட வந்தாலும் அவர் உங்களைத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. கயிற்றில் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் கையில்.

நிறையப் பேருக்கு நேபாளத்தின் அமா தப்லம் மேல் கண். 6,812 மீட்டர், பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 1961இல்தான் முதன்முதலாக மனிதர் கால் பட்டது. பாறை, பனி, கத்தி முனை போன்ற முகடு எல்லாம் கலந்த ஏற்றம் அது. முதல் சிகரமாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். என் யோசனை: முதலில் மணாலி பக்கம் 5,289 மீட்டர் ஃபிரெண்ட்ஷிப் பீக் மாதிரி ஒன்று, அடுத்து இம்ஜா ட்சே, அதற்கப்புறம் வேண்டுமானால் அமா தப்லம். இடையில் ஓரிரு வருடம் போகும், போகட்டும்.

படி 2: பள்ளிக்கூடம்

காசு கொடுத்தால் வழிகாட்டி கிடைப்பார் என்பதற்காக, கற்றுக்கொள்ளாமல் போகாதீர்கள். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமாலயன் மவுண்டனியரிங் இன்ஸ்டிடியூட், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம், மணாலியிலும் பஹல்காமிலும் உள்ள அரசுப் பயிற்சி நிலையங்கள் ஆகிய இடங்களில் அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய 4 வாரம் நடக்கும். தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. அதனாலேயே இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். விண்ணப்பத்தை மாதக்கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். காலையில் ஓட்டம், மூட்டை சுமப்பு, திட்டு எல்லாம் உண்டு. ஹிந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். "ரஸ்ஸி" என்றால் கயிறு என்பது முதல் நாளே புரிந்துவிடும்.

படி 3: பயிர் நாளும் மலை நாளும்

நேபாளத்தில் ஏற்றத்துக்கு இரண்டு பருவம்: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். லடாக் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

இதை நம் பட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்குப் பிறகு குறுவை, பின்னாலேயே சம்பா, தாளடி. லடாக் பருவம் குறுவையோடு மோதும். அக்டோபர்–நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. வயலில் தண்ணீர் நிற்கும்போது வடிகாலைப் பார்க்காமல் மலை ஏறப் போனவனை ஊர் மன்னிக்காது. தை, மாசியில் அறுப்பு முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டால், சித்திரை வைகாசியில் நிலம் சும்மா கிடக்கும். அதுதான் நேபாளத்தின் வசந்தப் பருவம். விவசாயக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. சம்பளக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்தான். அவர்களுக்கு மேலாளர்தான் மேட்டூர்.

படி 4: உயரத்தைத் தாளில் எழுதுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், அவசரப்படாமல் படியுங்கள்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டரில் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். ஒரே மூச்சில் பாதி ஆக்சிஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு இதற்குப் பழகும், ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் உயரமாக ஏறிவிட்டு இரவு கீழே வந்து தூங்கலாம். கணக்கு தூங்கும் இடத்துக்குத்தான்.

இம்ஜா ட்சேக்கான வழி, மீட்டர் கணக்கில், இப்படி: விமானம் இறங்கும் லுக்லா 2,860, பாக்டிங் 2,610, நாம்சே பஜார் 3,440, தெங்போசே 3,860, திங்போசே 4,410, சுக்குங் 4,730, அடிவார முகாம் ஏறக்குறைய 5,100.

பாக்டிங்கிலிருந்து நாம்சேக்கு ஒரே நாளில் 830 மீட்டர் கூடுகிறது, அதனால் நாம்சேயில் இரண்டு இரவு. தெங்போசேயிலிருந்து திங்போசேக்கு 550, விதியைச் சற்றுத் தாண்டுகிறது, அங்கேயும் இரண்டு இரவு. உங்களுக்கு வரும் பயணத் திட்டத்தில் இந்த இரண்டு இடத்திலும் ஒரே இரவு என்று இருந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள்.

இதன் மேல் உதிரி நாட்களைப் போடுங்கள். சிகர நாளுக்கு வானிலை கெட்டால் காத்திருக்க 2 நாள். லுக்லா விமானத்துக்கு 2 நாள்; மேகம் இறங்கினால் அந்தச் சின்ன ஓடுதளத்தில் ஒன்றும் இறங்காது. கூட்டம் அதிகமான பருவத்தில் விமானம் காத்மாண்டுவுக்குப் பதிலாக ராமேசாப் என்ற ஊரிலிருந்து கிளம்புவதும் உண்டு. அங்கே போக நடுராத்திரியில் எழுந்து நாலைந்து மணி நேரம் சாலைப் பயணம். வீட்டிலிருந்து வீடு வரை எனக்கு 25 நாள் ஆனது. 16 நாளில் முடித்துத் தருகிறோம் என்றவர்களும் இருந்தார்கள். உதிரி நாள் வீண் என்று தோன்றும். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருடங்களில் ஒரு நாள் தள்ளிப்போனால் கடைமடை என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படி 5: வழிகாட்டி நிறுவனம்

முதல் தடவை நான் ஏமாந்தது இங்கேதான். ஹிமாச்சலில் ஒரு சிகரத்துக்கு மலிவாகக் கிடைத்த நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். உயரத்துக்குப் பழக ஒரு நாள்கூட வைக்கவில்லை. ஒன்பது பேருக்கு ஒரு வழிகாட்டி. மூன்றாம் இரவு தலை வெடித்துவிடும் போல வலி, வாந்தி. சிகரத்தைக் கீழிருந்து கும்பிட்டுவிட்டு இறங்கினேன். தப்பு அவர்களுடையது மட்டுமல்ல, எதையும் கேட்காமல் பணம் கட்டிய என்னுடையதும்தான்.

இப்போது கேட்பேன். தலைமை வழிகாட்டி யார், பெயர் சொல்லுங்கள். அவர் இந்தச் சிகரத்தில் எத்தனை முறை ஏறியிருக்கிறார்? ஐ.எஃப்.எம்.ஜி.ஏ. என்ற சர்வதேச வழிகாட்டிச் சான்று இருக்கிறதா? சிகர நாளில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? இம்ஜா ட்சேக்கு இரண்டு பேருக்கு ஒருவர் இருந்தால் நிம்மதி. அமா தப்லத்துக்கு ஆளுக்கு ஒருவர். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவோம்? இந்தக் கேள்விக்கு மணி சொல்லாமல் "பார்த்துக்கலாம் சார்" என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள். சுமை தூக்குபவர்களுக்குக் காப்பீடும் குளிர் உடையும் கொடுக்கிறீர்களா என்றும் கேளுங்கள். அவர்கள் விஷயத்தில் மிச்சம் பிடிக்கிறவர் உங்கள் விஷயத்திலும் பிடிப்பார்.

அனுமதிச் சீட்டை நிறுவனமே எடுத்துத் தரும். கட்டணத்தில் அது சேர்த்தியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் பெரிய சிகரம் என்றால் டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அமைப்பின் அனுமதி தேவைப்படும். நேபாளம் போக நமக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும்.

படி 6: சமவெளியில் பயிற்சி

அடிவார முகாமிலிருந்து சிகரத்துக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர். நடுராத்திரி ஒன்று, ஒன்றரைக்குக் கிளம்பி ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும். அதை நம் ஊரில் எப்படிப் பழகுவது?

நாலு மாடிக் கட்டடம் ஒன்று போதும். தரையிலிருந்து மொட்டை மாடிக்கு 12 மீட்டர் என்று வைத்தால், 90 முறை ஏறினால் 1,080 மீட்டர். முதல் நாளே 90 போகாதீர்கள். வாரம் மூன்று நாள், 15 முறையில் தொடங்கி, முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. மாதத்துக்கு மாதம் முறையையும் எடையையும் கூட்டுங்கள். ஆறு மாதத்தில் 12 கிலோவோடு 60 முறை வந்துவிட்டால் கால் தயார். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கினால்தான் புழுக்கம் தாங்கும். இறங்குவதையும் பயிற்சியாக எடுங்கள். முட்டி போவது இறக்கத்தில்தான்.

மாதம் ஒரு தடவை திருச்சி மலைக்கோட்டை, கொல்லிமலை, பச்சைமலை என்று போய் வரலாம். நடைப் பயிற்சிக்கு நல்லது. ஆனால் உயரத்துக்குப் பழகியதாக நினைக்காதீர்கள். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். மலைநோய் பெரும்பாலும் 2,500க்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

சேறடித்த வயலில் முழங்கால் புதைய நடப்பதும் எனக்கு உதவியது. புதுப் பனியில் ஒவ்வொரு அடியும் உள்ளே போகும்போது அந்த நடை ஞாபகம் வந்தது. மற்ற பயிற்சியெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள், இது நமக்கு மட்டும் வாய்த்தது.

படி 7: புளியமரமும் ஜூமாரும்

ஜூமார் என்பது கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காத பிடி. சிகரத்துக்குக் கீழே உள்ள செங்குத்துப் பனிச்சுவரில் இதைப் பிடித்துத்தான் ஏறுவோம். பயிற்சி முடித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடித்த புளியங்கிளையில் மலையேற்றக் கயிறு கட்டிப் பழகலாம். கிணற்றுக் கயிறு கூடாது.

பழக வேண்டியவை மூன்று: ஜூமாரில் ஏறுவது, எட்டு வடிவக் கருவியில் இறங்குவது, நடுவில் முடிச்சு வரும் இடத்தில் கொக்கியை மாற்றுவது. மாற்றும்போது இடுப்பு வாரிலிருந்து போகும் இரண்டு கொக்கிகளில் ஒன்றாவது எப்போதும் கயிற்றில் மாட்டியிருக்க வேண்டும். புதியதை மாட்டிய பிறகுதான் பழையதைக் கழற்றுவது. இது கை தானாகச் செய்யும் அளவுக்கு வர வேண்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கரண்ட் போன இரவில் எட்டு வடிவ முடிச்சு போட்டுப் பாருங்கள். வியர்த்துக் கொட்டும், தங்கை சிரிப்பாள். பரவாயில்லை.

படி 8: சாமான், சாப்பாடு

கனமான இரண்டடுக்கு ஷூ, கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், தூவி ஜாக்கெட், தூங்கும் பை எல்லாம் காத்மாண்டு தமேல் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளாடை, காலுறை, கையுறை, பனிக்கண்ணாடி, தலைவிளக்கு இவற்றைச் சொந்தமாக வாங்குங்கள். கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

5,000 மீட்டரில் தண்ணீர் 83, 84 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. பொன்னி அரிசிச் சோறு என்ற கனவோடு போகாதீர்கள். பசியும் இருக்காது. நாக்குக்குப் பிடித்தது இருந்தால்தான் உள்ளே போகும் என்பதால் பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கடலை மிட்டாய் கொண்டுபோனேன். பாட்டி கொடுத்த பொரிவிளங்காய் உருண்டையையும் எடுத்துப்போனேன். சாதாரணமாகவே பல்லைப் பதம் பார்க்கும் பண்டம். அந்தக் குளிரில் ஐஸ் ஆக்ஸால் உடைக்க வேண்டியிருந்தது.

படி 9: வரப்புச் சோதனை

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இதயம், ரத்த அழுத்தம், ரத்தச்சோகை மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். மலைநோய்க்கு முன்கூட்டியே போடும் அசெட்டசோலமைடு மாத்திரையை அவர் சொன்னால் மட்டும் போடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

மேலே லேசான தலைவலி நிறையப் பேருக்கு வரும். அன்று மேலே போகாமல் அங்கேயே தங்குங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். மூளையில் வீக்கம் வந்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். அதற்கு ஒரு சோதனை: குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்வார்கள். நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒற்றை வரப்பில் நடப்பது. பிறந்ததிலிருந்து வரப்பில் நடந்தவன் வெறும் தரையில் தடுமாறினால் சந்தேகமே வேண்டாம், இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்சிஜனும் ஊசியும் நேரம் வாங்கித் தரும், இறங்குவதுதான் வைத்தியம்.

படி 10: பணம், காப்பீடு, திரும்பும் டிக்கெட்

நிறுவனக் கட்டணம் செலவில் ஒரு பங்குதான். விமானம், வாடகைச் சாமான், வழியில் வெந்நீர், போன் சார்ஜ், வழிகாட்டிக்கும் சுமைக்காரருக்கும் அன்பளிப்பு, இவற்றைத் தனித்தனியாக எழுதி மொத்தத்தோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் மலையேற்றத்தை விலக்கியிருக்கும். ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, எத்தனை மீட்டர் வரை என்று பாலிசித் தாளில் எழுத்தில் இருக்க வேண்டும். 6,000 வரை என்று போட்டிருந்தால் 6,189க்கு அது உதவாது.

கடைசியாக, சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு உழவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டை லுக்லாவிலிருந்து இறங்கும் நாளைக் கணக்கிட்டுப் போடாதீர்கள். நான் போட்டேன். லுக்லாவில் மூன்று நாள் மேகம். டிக்கெட் போனது, அங்கிருந்த ஒரு தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து, உளுந்து மூட்டையை யார் ஏற்றினார்கள் என்று அப்பாவிடம் போனில் விசாரித்துக்கொண்டிருந்தேன்.