பார்த்த மானை வைத்துப் பார்க்காத மானையும் எண்ணுவது எப்படி?

முதுமலையில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை புள்ளிமான்கள்? புலி என்றால் கேமராவில் பதியும் வரிகளை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் காணலாம். கூட்டமாக மேயும் மான்களிடம் அது நடக்காது. அதனால் காட்டுக்குள் நேர்கோட்டில் நடந்து எண்ணுகிறார்கள். அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பிலும் இரை விலங்குகளுக்கு இந்த நடை உண்டு. வனத்துறை அனுமதியும், காடு பழகிய வேட்டைத்தடுப்புக் காவலர் ஒருவரும் கட்டாயம் தேவை.

முதலில் வரைபடத்தில் இரண்டு கிலோமீட்டர் அளவில் பல கோடுகள் போடுங்கள். புல்வெளி, ஓடைக்கரை, உண்ணிச்செடி மண்டிய இடம் எல்லாவற்றிலும் கோடு விழ வேண்டும். ஜீப் பாதையைக் கோடாக வைத்துக்கொள்ளாதீர்கள். புதர் வெட்டிய பாதையோரத்தில் புல் தளிர்க்கும், மான்கள் அங்கே கூடும், கணக்கு ஏறிவிடும்.

அடுத்தது நடை. விடிந்ததும் இரண்டு மூன்று பேராகப் பேச்சில்லாமல், மெதுவாகப் போங்கள். யானை எதிர்ப்பட்டால் அன்றைய நடையை விட்டுவிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. மான் கூட்டம் கண்ணில் பட்டதும் அங்கேயே நில்லுங்கள். முதலில் பார்த்தபோது கூட்டத்தின் நடுப்பகுதி எங்கே இருந்தது? அந்த இடத்துக்கு ரேஞ்ச்ஃபைண்டரில் தூரத்தையும், திசைகாட்டியில் கோட்டிலிருந்து விலகிய கோணத்தையும் எடுங்கள். அப்புறம் தலைகளை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் ஓடிவிட்டால், ஓடி நின்ற இடத்தை அளக்கக் கூடாது. கண்மதிப்பில் 20, 50 என்று முழு எண்ணாக எழுதுவதும் கணக்கைக் கெடுக்கும்.

தூரத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால், கூட்டம் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி நின்றது என்ற செங்குத்துத் தூரம் கிடைக்கும். 60 மீட்டர், 30 பாகை என்றால் 60 × 0.5 = 30 மீட்டர்.

குறைந்தது 60 கூட்டங்களாவது பதிவாகும்வரை கோடுகளில் திரும்பத் திரும்ப நடங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கோட்டின் மேலேயே நிற்கும் மான் தப்பாது. தள்ளிப் போகப் போகத் தப்பும். இந்தச் சரிவை நாம் பதிந்த செங்குத்துத் தூரங்களிலிருந்து ‘டிஸ்டன்ஸ்’ என்ற இலவச மென்பொருள் கண்டுபிடித்து, பயனுறு அகலம் ஒன்றைத் தரும். அது 50 மீட்டர் என்றால், 50 மீட்டருக்குள் நாம் தவறவிட்ட கூட்டங்களும் அதற்கு வெளியே நாம் பார்த்த கூட்டங்களும் எண்ணிக்கையில் சமம் என்று பொருள். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

உதாரணமாக மொத்தம் 80 கிலோமீட்டர் நடந்து 64 கூட்டங்களைப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். இருபுறமும் சேர்த்துப் பரப்பு 2 × 0.05 × 80 = 8 சதுர கிலோமீட்டர். 64 ÷ 8 = 8 கூட்டங்கள். கூட்டத்துக்குச் சராசரி 4 மான் என்றால், சதுர கிலோமீட்டருக்கு 32.

மென்பொருள் இந்த 32-க்கு மேலும் கீழும் ஒரு வரம்பு தரும். அறிக்கையில் அதையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பருவத்தில் நடந்து 36 வந்தால், மான் உண்மையிலேயே கூடியதா என்பதை அந்த வரம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.