பிறந்த நாய்க்குட்டிக்கு ஐந்து நொடிப் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்கள் வளர்ப்பவர்களும் பிறந்த குட்டிகளுக்குத் தூண்டல் பயிற்சி, அதாவது நரம்புகளைச் சிறிது நேரம் தூண்டிவிடும் பயிற்சி, கொடுக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் தன் நாய்களுக்காக உருவாக்கிய முறை இது. 3-ம் நாளிலிருந்து 16-ம் நாள் வரை, தினம் ஒரே ஒரு தடவை: விரலிடுக்கில் பஞ்சுக் குச்சியால் தடவுவது, தலை மேலாக நிமிர்த்திப் பிடிப்பது, தலைகீழாகப் பிடிப்பது, மல்லாத்துவது, குளிர்ந்த துண்டில் விடுவது. ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 5 நொடி.

அதிகம் நடக்கும் தவறு, அளவை மீறுவது. காலையில் முடித்ததைப் பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் சாயங்காலம் மறுபடி செய்து பார்ப்பார்கள். கூடவே கூடாது. கூடுதலாகச் செய்தால் பலன் கூடாது, குட்டி மிரளும்.

ஆபத்தானது துண்டு விஷயம். நனைத்து நன்றாகப் பிழிந்து ஃப்ரிட்ஜில் 5 நிமிடம் வைத்தால் போதும், ஃப்ரீசரில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலுக்குக் குளிர்ச்சி நல்லதுதானே என்று குட்டியை அதிலேயே படுக்கவிடுகிறார்கள். முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பமே 35, 36 டிகிரிதான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. உடம்பு சில்லிட்டால் பால் குடிக்காது, குடித்ததும் செரிக்காது. துண்டில் விட்டதும் நகரப் பார்க்கும், அமுக்கிப் பிடிக்காதீர்கள். எடுத்ததும் வயிற்றை ஒற்றித் துடைத்து, குட்டிகள் இருக்கும் பெட்டியில் விடுங்கள். முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வேண்டும்.

பால் குடித்த கையோடு தலைகீழாகப் பிடித்தால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போகலாம். பிடிக்கும்போதும் இரண்டு கையும் வேண்டும். பிடரித் தோலில் தொங்கவிடாதீர்கள். தாயை முதலில் வெளியே நடத்திக் கூட்டிப் போங்கள், கண்ணெதிரே குட்டியை எடுத்தால் பதறும். தெருநாயைத் தொட்ட கை என்றால் சோப்புப் போட்டுக் கழுவாமல் குட்டியைத் தொடாதீர்கள்.

தினமும் சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். எடை ஏறாத குட்டிக்கும் துவண்டு கிடக்கும் குட்டிக்கும் பயிற்சி வேண்டாம், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

இதனால் குட்டி சூரனாகிவிடும் என்று நம்பி விற்பதும் தவறு. கண்ணிவெடி மோப்ப நாய்களை வைத்து 2011-ல் வெளியான ஆய்வில், நன்றாகக் கையாண்டு வளர்த்த மற்றக் குட்டிகளுக்கும் இந்தப் பயிற்சி பெற்றவற்றுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. குட்டியைப் பழக்க 3 வாரத்திலிருந்து 12 வாரம் வரைதான் பொன்னான காலம். அப்போது தோப்பில் தனியே கட்டிப்போடுவது பெரிய அநியாயம். மிக்சி, ஆட்டோ, புது ஆட்கள் எல்லாம் பழகட்டும்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. 5 வாரமானதும் குட்டியைத் தனியே பிரித்து, அது பார்க்காதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கூட்டத்தோடு விட்டுப் பார்த்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும், செவிடு தெரியாமலே போய்விடும்.