ஜிமெயிலில் சிவப்புப் பட்டை வந்தால் என்ன செய்வது?

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து சித்தி போன் செய்தார். "ஏய்யா, இன்கம்டாக்ஸ்ல இருந்து பணம் திரும்ப வருதுன்னு மெயில் வந்திருக்கு, மேல செவப்பா என்னமோ எழுதியிருக்கான், எதைய்யா நம்ப?" நியாயமான கேள்வி. 18,350 ரூபாய் ரீஃபண்ட், 24 மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கை உறுதி செய்யாவிட்டால் போய்விடும் என்று மெயில் சொல்கிறது, அதன் தலையிலேயே இது ஆபத்தானதாகத் தெரிகிறது என்று ஜிமெயில் சொல்கிறது. அன்று போனில் சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஜிமெயிலை வைத்துச் சொல்கிறேன், மற்ற மெயில்களிலும் பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

படி 1: எதையும் தொடாமல் பட்டையின் நிறத்தைப் பாருங்கள்

மெயிலைத் திறந்து படிப்பதால் மட்டும் பொதுவாக ஒன்றும் ஆகிவிடாது. லிங்க்கைத் தட்டுவது, மெயிலோடு இணைத்து வரும் கோப்பைத் திறப்பது, பதில் எழுதுவது, இந்த மூன்றும்தான் வம்பு. சிவப்புப் பட்டை என்றால் இதில் மோசடிக்கான அடையாளங்கள் இருக்கின்றன என்று கூகுள் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டது. அதிலேயே "லுக்ஸ் சேஃப்" என்று ஒரு பட்டன் இருக்கும், பட்டையை விலக்கிவிடலாமே என்று அதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் "இது நல்ல மெயில்தான்" என்று நீங்களே சாட்சி சொன்ன மாதிரி. மஞ்சள் பட்டை என்றால் சந்தேகம், அவ்வளவுதான். அனுப்பியவர் படம் இருக்க வேண்டிய வட்டத்தில் கேள்விக்குறி இருந்தால், சொல்லப்பட்ட முகவரியிலிருந்துதான் இது வந்தது என்று ஜிமெயிலால் உறுதி செய்ய முடியவில்லை என்று பொருள். திறந்த சிவப்புப் பூட்டு வேறு விஷயம், வரும் வழியில் மெயில் மறையாக்கம் இல்லாமல், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டாமல் வந்திருக்கிறது, மோசடி என்று அர்த்தமில்லை.

நல்ல மெயிலுக்கும் மஞ்சள் பட்டை வரும். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக் கூட்டக் குறிப்பை ஒருத்தர் இன்னொரு கணக்கு வழியாகத் தானாக ஃபார்வர்டு ஆகும்படி வைத்திருந்தார், மாதா மாதம் பட்டையோடுதான் வரும். ஏன் என்று தெரிந்துகொள்ள அடுத்த படி.

படி 2: அனுப்பியவர் யார்?

இன்லேண்டு லெட்டர் ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் "அனுப்புநர்" என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் எழுதலாம், தபால்காரர் அதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டிருக்க மாட்டார். மெயிலும் அப்படித்தான். 1982-இல் மெயில் அனுப்பும் முறையை வகுத்தபோது அனுப்புநர் பெயரைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் அதில் இல்லை. பிற்பாடு மூன்று சோதனைகளை மேலே ஒட்டினார்கள். எஸ்பிஎஃப் என்பது இந்த நிறுவனத்தின் பெயரில் எந்தெந்தத் தபால் நிலையத்திலிருந்து கடிதம் போடலாம் என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது அரக்கு முத்திரை, நடுவில் யாராவது திருத்தினால் உடைந்துவிடும். இவை தவறினால் கடிதத்தை என்ன செய்வது என்று நிறுவனமே சொல்லிவைக்கும் உத்தரவு டிமார்க். சங்கத்துக் குறிப்பில் நடந்தது இதுதான், ஃபார்வர்டு ஆகும்போது பட்டியலில் இல்லாத தபால் நிலையத்திலிருந்து வருகிறது, எஸ்பிஎஃப் தவறுகிறது, ஜிமெயில் புருவத்தை உயர்த்துகிறது.

இதைப் பார்க்க, கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து அனுப்பியவர் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். முழு முகவரியும், "மெய்ல்டு பை" (எங்கிருந்து அனுப்பப்பட்டது), "சைன்டு பை" (யார் முத்திரை) என்ற வரிகளும் வரும். சித்தியின் மெயிலில் பெயர் இருந்த இடத்தில் அழகாக வருமான வரித் துறை என்று இருந்தது, முகவரியைப் பார்த்தால் ஏதோ ஒரு டைல்ஸ் கடையுடையது! அந்தக் கடைக்காரரின் மெயில் கணக்கும் யாரோ களவாடியதாகத்தான் இருக்கும், பாவம். இன்னும் ஆழமாகப் பார்க்க ஆசை இருந்தால் மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" போங்கள், மூன்று சோதனைக்கும் பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதியிருக்கும்.

ஆனால் பாஸ் என்று இருப்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. டைல்ஸ் கடையின் உண்மையான கணக்கிலிருந்து போனால் டைல்ஸ் கடை என்ற அளவில் அது பாஸ்தானே. 2025 ஏப்ரலில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று வெளியில் வந்தது. கூகுள் தானே முத்திரையிட்டு அனுப்பிய ஒரு எச்சரிக்கை மெயிலை மோசடிக்காரர்கள் அப்படியே மறுபடி மற்றவர்களுக்கு அனுப்பினார்கள், உங்கள் கணக்கைக் கேட்டு சட்டப்படி நோட்டீஸ் வந்திருக்கிறது என்று. முத்திரை உடையவில்லை, டிகேஐஎம் பாஸ், அனுப்புநரும் கூகுள். காட்டிக்கொடுத்தது "மெய்ல்டு பை" வரி, அதில் கூகுளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெயர் இருந்தது. லிங்க் போன இடமோ கூகுள் சைட்ஸ், அதில் யார் வேண்டுமானாலும் பக்கம் கட்டலாம்.

படி 3: லிங்க்கைத் தட்டாமல் படிப்பது

கம்ப்யூட்டரில் மவுஸை லிங்க் மேல் வைத்தாலே கீழ் மூலையில் முகவரி தெரியும், போனில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் தெரியும். அதை இடமிருந்து வலமாகப் படித்தால் ஏமாந்துபோவோம். சித்தியின் லிங்க் இப்படித்தான் ஆரம்பித்தது: இன்கம்டாக்ஸ்.ஜிஓவி.இன். பார்த்தவுடன் சரியாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே முடியவில்லை, அதற்கு அப்புறமும் ஒரு புள்ளி, ரீஃபண்ட் என்று தொடங்கும் ஒரு நீளப் பெயர், கடைசியில் டாட் காம், அதன் பிறகுதான் சாய்கோடு. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள், அதற்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் அந்த இடத்தின் சொந்தக்காரர். கடிதத்தில் மேலே திருநெல்வேலி டவுன், கீழ ரத வீதி என்று எவ்வளவு எழுதினாலும் கடைசி வரியில் வேறு ஊரும் அந்த ஊர்ப் பின்கோடும் இருந்தால் கடிதம் அந்த ஊருக்குத்தான் போகும், இல்லையா?

இந்திய வங்கிகள் தங்கள் இணையதளத்தை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது நமக்கு ஒரு வசதி. நெட் பேங்கிங் பக்கத்தில் முடிவைப் பார்த்தால் போதும். எழுத்து ஏமாற்றையும் கவனியுங்கள், ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் சின்னத் திரையில் எம் மாதிரியே தெரியும்.

படி 4: இணைப்புகள்

எச்டிஎம்எல் என்று பெயர் முடியும் கோப்பு இணைப்பாக வந்தால் திறக்கவே வேண்டாம், பெரும்பாலும் போலி லாகின் பக்கம்தான் திறக்கும். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய கோப்பு என்றால் ஜிமெயிலால் உள்ளே பார்க்க முடியாது. வங்கி ஸ்டேட்மென்ட்டும் பூட்டித்தானே வருகிறது என்று கேட்கலாம். வரும், ஆனால் சாவி உங்கள் பிறந்த தேதி போல உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றாக இருக்கும். ஜிப் கோப்பையும் அதன் பாஸ்வேர்டையும் ஒரே மெயிலில் வைத்து அனுப்பினால் அந்தப் பூட்டு யாருக்கு? வைரஸ் சோதனை செய்யும் ஜிமெயிலுக்குத்தான்.

படி 5: உங்கள் வழியில் போய்ப் பாருங்கள்

மேலே உள்ள எதுவும் புரியவில்லை என்றாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள். மெயிலை மூடிவிட்டு, அது சொல்லும் விஷயத்தை நீங்களே வேறு வழியில் போய்ச் சரிபாருங்கள். சித்தியை வருமான வரி போர்ட்டலின் முகவரியைக் கையால் டைப் செய்து உள்ளே போகச் சொன்னேன். ரீஃபண்ட் உண்மையிலேயே இருந்தது! 2,140 ரூபாய், பத்து நாளைக்கு முன்பே வங்கிக் கணக்கில் விழுந்திருந்தது, அவர் பாஸ்புக்கைப் பார்க்கவில்லை. போர்ட்டலில் சரிபார்த்து வைத்த கணக்குக்கு ரீஃபண்ட் தானாகவே வந்துவிடும், மெயிலில் யாரும் உங்கள் கார்டு நம்பரையோ பின் நம்பரையோ கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கூகுள் பெயரில் "உங்கள் கணக்கில் புதிய சாதனம்" என்று மெயில் வந்தாலும் இதே கதைதான். அதில் உள்ள பட்டனை விட்டுவிட்டு, கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதிக்கு நீங்களே போய்ப் பாருங்கள், உண்மை என்றால் அங்கேயும் இருக்கும்.

படி 6: புகார் செய்துவிட்டு விடுங்கள்

கம்ப்யூட்டரில் மூன்று புள்ளி, "ரிப்போர்ட் ஃபிஷிங்". வெறுமனே டெலீட் செய்வதைவிட இது நல்லது. திட்டிப் பதில் எழுதும் ஆசை வரும், எழுதாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நீங்களே உறுதி செய்து கொடுத்ததாகிவிடும்.

ஏற்கனவே தட்டிவிட்டால்?

பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள், அப்புறம் வங்கிக்கு, அப்புறம் சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகார். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை தள்ளிப்போட வேண்டாம், பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுத்தால்தான் உண்டு. பாஸ்வேர்டை மட்டும் கொடுத்திருந்தால் வேறு போன் அல்லது கம்ப்யூட்டரிலிருந்து உடனே மாற்றுங்கள், அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கேயும். பிறகு கூகுள் கணக்கில் "யுவர் டிவைசஸ்" பட்டியலில் தெரியாத போன் இருந்தால் சைன் அவுட் செய்துவிட்டு, பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு உறுதியும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர்கள், ஃபார்வர்டிங் என்ற இரண்டு பகுதிகள். உள்ளே வந்தவன் உங்கள் வங்கி மெயில்கள் எல்லாம் தனக்கு ஒரு பிரதி வரும்படியோ, உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படியோ அங்கே ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த வரி அப்படியே இருக்கும். நீங்கள் வைக்காத ஃபில்டரோ முகவரியோ அங்கே இருந்தால் அழித்துவிடுங்கள்.