தரங்கம்பாடிக்குக் கூட்டமாகப் போகிறீர்களா?

வருஷத்துக்கு இரண்டு முறையாவது தரங்கம்பாடிக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறேன். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். கடற்காற்றில் பின்னால் நிற்பவர்களுக்கு நம் குரல் எட்டாது.

மயிலாடுதுறையிலிருந்து விடியலில் கிளம்புங்கள். வேனை 1792-ல் கட்டிய நகர வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து நுழையுங்கள். அப்போதுதான் மதில் சூழ்ந்த ஊர் என்பது மனதில் பதியும்.

எல்லாரும் கோட்டைக்கே ஓடுவார்கள். நான் முதலில் மாசிலாமணிநாதர் கோயிலுக்குத்தான் கூட்டிப்போவேன். பாண்டியர் காலத்துக் கோயில், முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. டென்மார்க்கிலிருந்து டேனியர் வருவதற்கு முன்பே இந்த ஊர் துறைமுகம் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே பத்து நிமிஷம் யாரும் பேசாமல் நிற்கட்டும்.

பிறகு 1620-ல் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை. அடுத்து, ராஜ வீதியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம்; அவர் கல்லறையும் உள்ளேதான். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த ஊரில் என்பதை அங்கே நின்று சொல்லுங்கள்.

தண்ணீர், தொப்பி அவசியம். மீனவர் தெருவில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.