எரிந்த மேட்டுக்காணியின் மண்ணை மாரிக்கு முன் காப்பது எப்படி?

காட்டுத்தீ வந்து போன காணியில் எல்லோரும் மரத்தைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள். மரம் தளிர்க்கும், அல்லது வேறு நடலாம். கவலைப்பட வேண்டியது மேல்மண்ணைப் பற்றி. நம் மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் ஆடி, ஆவணியில் பற்றைகள் எரிகின்றன. ஐப்பசியில் இடிமழை தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டித் தீர்க்கும். இடையில் கிடைக்கும் கிழமைகளுக்குள் செய்ய வேண்டியவை இவை. புல்லுமலைப் பக்கத்தில், சரிவான மரமுந்திரிகைக் காணியொன்றில் செய்து பார்த்தது. சமதரையான கடற்கரை மணல் காணிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

உள்ளே போகுமுன்

மேலே சாம்பல் ஆறியிருந்தாலும் நிலத்துக்குள் வேர் கனன்றுகொண்டிருக்கும். வெறும் செருப்போடு போகாதீர்கள், காலை மூடும் சப்பாத்துப் போடுங்கள், தடியால் தட்டிப் பார்த்துக் கால் வையுங்கள். அடி எரிந்த மரத்தின் கீழ் காற்று நேரத்தில் நிற்க வேண்டாம். பழைய இரும்புச் சாமான் ஏதாவது வெளியே தெரிந்தால் தொடாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம் என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எதையும் பிடுங்காதீர்கள்

பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். செத்ததை நிலத்தோடு வெட்டலாம், ஆனால் வேர் கிடக்கட்டும். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) விட்டு "கிளீன்" பண்ணித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இலுக்குப் புல்லையும் இந்த வருடம் தொட வேண்டாம். எனக்கும் அது ஆகாதுதான். ஆனால் அதன் கிழங்கு தீயில் சாகாது, முதலில் முளைத்து மண்ணைப் பிடிப்பதும் அதுவே.

தண்ணீர் இறங்குகிறதா?

சாம்பலை விலக்கி, மண்ணில் சில துளி தண்ணீர் விடுங்கள். 5 செக்கனுக்கு மேல் முத்து முத்தாக நின்றால் மண் தண்ணீரை ஏற்கவில்லை. மேலே உறிஞ்சினாலும் ஓர் அங்குலம் சுரண்டிவிட்டு மறுபடி பாருங்கள். சருகு எரியும்போது அதிலுள்ள மெழுகுப் பொருள் ஆவியாகி மண்ணுக்குள் இறங்கும். குளிர்ந்த இடத்தில் மண்துகள்களின் மேல் படியும். அதனால் அந்தப் படை கீழே ஒளிந்திருக்கலாம்.

இருந்தால், இரும்புப் பல் வைத்த றேக்கால் சரிவுக்குக் குறுக்கே ஓரிரு அங்குலம் மட்டும் கீறிவிடுங்கள். உழவு இயந்திரம் வேண்டவே வேண்டாம். இளகிய மண் முழுவதும் முதல் மழையோடு குளத்துக்குப் போய்விடும்.

வைக்கல்

என் கணக்கில் ஒரே ஒரு வேலைக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எரிந்த மலைச்சரிவுகளில் பார்த்த ஆய்வுகளும் மரக்கட்டை வரிசையை விட, விதை தூவுவதை விட, வைக்கல் மூடுபடையே மண்ணை நன்றாகக் காத்ததாகச் சொல்கின்றன. நமக்கு இன்னொரு வசதி, சிறுபோக வெட்டு முடிந்து வயலில் வைக்கல் சும்மா கிடக்கும் நேரமும் அதுதான்.

ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு தொன். உதறி உதறிப் போடுங்கள். இடையிடையே மண் கொஞ்சம் தெரியலாம். கட்டியாகப் போட்டால் அடியில் எதுவும் முளைக்காது. கச்சான் அடங்குமுன் போட்டால் அடுத்த காணிக்காரருக்குத்தான் லாபம். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் எரிந்த கொப்புகளை வெட்டி மேலே பரப்புங்கள்.

கட்டை வரிசை

அதிக நேரம் தின்றது இதுதான். 6 முதல் 12 அங்குலக் குறுக்களவுள்ள கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்த வேண்டும். செங்குத்தான இடத்தில் 10 அடிக்கொரு வரிசை, மற்ற இடத்தில் 20 அடிக்கொன்று. சொல்ல லேசு. இரண்டு விஷயம் பிழைத்தால் கட்டை வைக்காமலே இருந்திருக்கலாம்.

ஒன்று, மட்டம். கட்டை ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அந்த முனைக்கு ஓடிச் சேர்ந்து வாய்க்கால் வெட்டிவிடும். கண்ணால் பார்த்து மட்டம் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சரிவில் கண் ஏமாற்றும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியும் நீண்ட வரிசைக்குச் சரிவராது. மேசன்மார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற ரியூப்தான் சரி. இரண்டு பேர், இரண்டு தடி, ஒரே உயரத்தில் குறி. ரியூபுக்குள் காற்றுக் குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும், அதைத் தட்டி வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றது, கட்டையின் அடி. மேடு பள்ளமான தரையில் சும்மா கிடத்தினால் அடியில் இடைவெளி இருக்கும், தண்ணீர் அதற்குள்ளால் பீறிடும். கட்டையின் மூன்றிலொரு பங்கு புதையும்படி மண்வெட்டியால் கான் வெட்டி, உள்ளே இறக்கி, மேற்சரிவுப் பக்கம் மண் போட்டு மிதித்து இறுக்குங்கள். கீழ்ப்பக்கம் முளை அடியுங்கள். அப்புறம் கட்டையின் மேல் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் மறுபடி கிளப்ப வேண்டியதுதான். அடுத்த வரிசையைச் செங்கல் கட்டுவது போல இடைவெளிகளுக்கு நேரே வையுங்கள்.

மழை விழுந்த பின்

முதல் நல்ல மழையோடு கட்டை வரிசைகளின் மேற்பக்கம், வேலிக்கு நடும் கிளிரிசீடியா மரத்தின் தடிகளை நெருக்கமாக ஊன்றுங்கள். இடையில் கௌபி (தட்டைப்பயறு) அல்லது சணல் தூவலாம். விதைக்குக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது

வாகரைப் பக்கமிருந்து ஒருவர், போட்ட வைக்கலை மாடுகள் தின்றுவிட்டதாக எழுதியிருந்தார். வேலி இல்லாத காணியென்றால் வைக்கலுக்கு மேல் முந்திரிகைக் கொப்புகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போடுங்கள், மாடு வாய் வைக்கச் சிரமப்படும். வைக்கலில் இருந்து நெல் முளைக்கிறதே என்று இன்னொருவர் கேட்டார். முளைக்கட்டும், அதுவும் வேர்தானே.

கட்டை போதவில்லை என்று எல்லைக்கு அப்பால் போய் வெட்டாதீர்கள். அது வன இலாகாவின் நிலம். குறைகிற இடத்தில் உரப்பைகளில் மண் நிரப்பி அதே மட்டத்தில் அடுக்கலாம். வெயிலில் ஒரு வருடம் தாங்கினால் அதிகம், அதற்குள் கிளிரிசீடியா வேர் பிடித்துவிடும்.